பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறவர்

டிசம்பர் 1

இந்த வருடப் பட்டியலில் இன்னும் ஐந்து புத்தகங்கள் பாக்கி. வாழ்நாளில் இவ்வளவு பின்தங்கியதில்லை. செப்டம்பரில் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் பொன்னையா அதை ஏற்கமாட்டார். "மாட்டுக்குக் கண்ணுல பூ விழுந்தாலும் அது புல்லைத் தேடிப் போவும் ஓய்" என்பார். நாற்பது வருடம் கால்நடை மருத்துவராக இருந்தவர். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு மாடு உண்டு.

நான் தாவரவியல் கற்பித்தவன். என்னிடம் பதிலுக்குச் சொல்ல ஒரு செடிகூட இருந்ததில்லை.

ஏற்பாட்டை இங்கே எழுதி வைக்கிறேன். நினைவு எப்போது என்னைக் கைவிடும் என்று சொல்ல முடியாது. ஜனவரியில் இருவரும் உட்கார்ந்து பட்டியல் போடுவோம். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே ஒரு பிரதிதான் வாங்குவோம். இரண்டு பிரதி இருந்தால் இரண்டு பேரும் தனித்தனியாகப் போய்விடுவார்கள் என்பது பொன்னையாவின் வாதம். காலையில் நான் படிப்பேன். மதியம் சொர்ணம் வேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போகும்போது புத்தகத்தை அவரிடம் கொண்டுபோவாள். மறுநாள் காலை அங்கிருந்து கொண்டுவருவாள். நிறுத்திய இடத்தில் நான் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன், அவர் நீலத்தால். வருடக் கடைசிக்குள் பட்டியலை முடிக்காதவர், ஜனவரி முதல் தேதி காலை ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் மற்றவர் பேச்சைக் கேட்க வேண்டும். இதுவரை நான் தோற்றதில்லை. இருந்தும் அந்த ஒரு மணி நேரத்தைப் பேசுவது எப்போதும் அவர்தான்.

அவருக்கு உடம்பு சரியில்லை. சளி என்று அவர் மகன் ரூபன் சொன்னான். சென்னையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு தனியாக வந்திருக்கிறான். "பார்க்க வேண்டாம் அங்கிள், உங்களுக்கும் ஒட்டிக்கும். புக்க மட்டும் அனுப்புங்க, அப்பா படிக்கிறாங்க" என்றான். நல்ல பிள்ளை.

டிசம்பர் 3

விடாத மழை. அலமாரியின் கீழ்த்தட்டில் பூஞ்சை. துடைத்துக் கற்பூரம் வைத்தேன்.

ஒரு சிறிய விஷயம். பொன்னையா எப்போதும் பாதி வாக்கியத்தில்தான் நிறுத்துவார். நான் அத்தியாயம் முடிந்த பிறகே புத்தகத்தை மூடுவேன். இதற்காகப் பல வருடமாக என்னைக் கேலி செய்கிறார். "அத்தியாயம் முடிஞ்சதும் மூடுறவன் ஆபீஸ்காரன் ஓய். பாதியில நிறுத்திப் பாரும், அது ராத்திரி பூரா உம்மைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். மறுநாள் நீர் போய்த்தான் ஆவணும்." மூன்று நாட்களாக நீலப் புள்ளி அத்தியாயத்தின் முடிவில், என் சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்திலேயே, அழகாக உட்கார்ந்திருக்கிறது.

கடைசியில் என் வழிக்கு வந்துவிட்டார். கொஞ்சம் பெருமையாக இருந்தது.

டிசம்பர் 6

உப்பளங்களைப் பற்றிய புத்தகம் முடிந்தது. பாக்கி நான்கு.

பொன்னையாவின் கட்டில் தலைமாட்டில் ஒரு வெண்கல மாட்டு மணி உண்டு. யாரோ ஒரு விவசாயி கொடுத்தது. தண்ணீர் வேண்டுமென்றால் ஆட்டுவார், கோபம் வந்தால் ஆட்டுவார், மதியம் நான் தூங்குவது தெரிந்தால் வேண்டுமென்றே ஆட்டுவார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். போன வாரம் முழுக்க அது அடிக்கடி கேட்டது. இப்போது சத்தமே இல்லை. சொர்ணம் பாத்திரம் துலக்கும்போது கேட்டேன்.

"அதயா கேக்கிய? அலமாரி மேல தூக்கி வச்சிட்டாவ."

"யாரு?"

"வேற யாரு, மவன்தான். நான் ரூமுக்குள்ள போகப்படாதாம். வாசல்லயே புத்தகத்த வாங்கிக்கிடுதாவ. கஞ்சி வச்சாலும் வாசல்லதான். ஐயா கெடக்காவளா இருக்காவளான்னே தெரியல சார்."

"சளின்னா ஓய்வு வேணும்தானே."

"ஆமா, சளி" என்று சொல்லிவிட்டு அவள் குழாயைத் திறந்துவிட்டாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. மணிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும் என்று எடுத்து வைத்திருப்பான்.

டிசம்பர் 9

தேனீ வளர்ப்பு நூலில் ஒரு நீலக் கிறுக்கல்கூட இல்லை. தேனீக்கள் வளர்ப்பவரின் துக்கத்தை உணரும் என்று ஆசிரியர் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'பச்சைப் பொய்' என்று எழுதாத பொன்னையாவை எனக்குத் தெரியாது.

டிசம்பர் 12

தெருவில் எல்லா கிறிஸ்தவ வீடுகளிலும் நட்சத்திரம் தொங்குகிறது. பொன்னையா வீட்டில் இல்லை. பாட்டுக்குழு வந்தபோது கேட் பூட்டியிருந்தது. வெளியே நின்று ஒரு பாட்டு பாடிவிட்டுப் போனார்கள். வழக்கமாக அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாடுகிறவர்களைவிட உரக்கப் பாடி எல்லோரையும் தாளம் தப்ப வைப்பார்.

என்னிடம் அவரைப் பற்றி விசாரித்தார்கள். "தினமும் படிக்கிறார். என்னைவிட வேகமாகப் போகிறார்" என்று சொன்னேன். அவர்களுக்கு நிம்மதி.

டிசம்பர் 14

இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டே எழுதுகிறேன்.

பஞ்ச காலத்தைப் பற்றிய புத்தகத்தை நேற்று நான் தொடவில்லை. பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் முதலில் அவர் படிக்கட்டும் என்று புதிதாகவே அனுப்பினேன். இன்று காலை நீலப் புள்ளியோடு வந்தது, இரண்டாம் அத்தியாயத்தின் முடிவில். படிக்க உட்கார்ந்தேன். முதல் அத்தியாயத்தின் நடுவில் நான்கு பக்கங்கள் மேல் விளிம்பில் ஒட்டியிருந்தன. அச்சகத்தில் வெட்டாமல் விட்ட தாள். காய்கறிக் கத்தியால் நானே பிரித்தேன்.

பிரிக்காத பக்கங்களைத் தாண்டி அவர் எப்படிப் போனார்?

இடுக்கு வழியாகப் பார்த்துப் படித்திருக்கலாம். அல்லது சலித்துப்போய்த் தாவியிருக்கலாம். நோயாளிக்கு அந்த உரிமை உண்டு.

டிசம்பர் 15

படிக்கவில்லை. தலைவலி.

டிசம்பர் 18

மாலையில் ரூபன் வந்தான். பிளம் கேக் கொண்டுவந்தான். என் அலமாரிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"இவ்வளவையும் படிச்சிட்டீங்களா அங்கிள்?"

"படித்தேன். எவ்வளவு மிஞ்சியது என்று தெரியாது."

சிரித்தான். உட்கார்ந்தான். பிறகு விஷயத்துக்கு வந்தான். பொன்னையா வீட்டை அவன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கப் பிரியப்படுகிறாராம். முப்பதாம் தேதி சார்பதிவாளரே வீட்டுக்கு வருகிறாராம். சாட்சிக் கையெழுத்துக்கு நான் வேண்டும்.

"அப்பாவால நடக்க முடியல, பேச்சும் கொஞ்சம் கொழறுது. வயசானவங்கன்னா ஆபீஸ்ல ஆயிரம் கேள்வி கேப்பாங்க அங்கிள், சுயநினைவு இருக்கா, தெளிவு இருக்கான்னு. உங்களவிடத் தெளிவா யாரு சொல்ல முடியும்? தினமும் நீங்களும் அப்பாவும் ஒரே புக்கப் படிக்கிறீங்க. தெருவுக்கே தெரியும்."

தெருவுக்குச் சொன்னவன் நான்தான்.

"பியூலாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். பியூலா அவன் தங்கை, மஸ்கட்டில் இருக்கிறாள்.

"அப்பாவே அவகிட்ட பேசிக்குவாங்க" என்றான். பேச்சு குழறுகிற அப்பா. நான் தலையாட்டினேன். எனக்குத் தலையாட்டுவது எளிது. கல்லூரியிலும் அப்படித்தான். துறைத் தலைவர்கள் எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும்.

கேக்கில் முந்திரி அதிகம்.

டிசம்பர் 19

போன ஈஸ்டர் அன்று பொன்னையா சொன்னது ஞாபகம் வருகிறது. முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தோம். "பயலுக்கு இந்த எடத்துல நாலு மாடி கட்டணுமாம். நான் சொல்லிட்டேன் ஓய். என் உசிரு இந்த வீட்டுலதான் போவும், அதுக்கப்புறம் அண்ணனும் தங்கச்சியும் பாதிப் பாதி. அதுவரைக்கும் ஒரு செங்கல்ல கை வைக்கப்படாது."

ஆனால் மனிதர்கள் மனம் மாறுவதுண்டு. எட்டு மாதம் நீண்ட காலம்.

தொலைபேசியை எடுத்து பியூலாவின் எண்ணைத் தேடினேன். என்னவென்று சொல்வது? உன் அப்பா புத்தகத்தில் புள்ளி வைக்கும் இடம் சரியில்லை என்றா? சிரிப்பாள். வைத்துவிட்டேன்.

டிசம்பர் 25

கிறிஸ்துமஸ் அன்று பார்க்கப் போகாமல் இருந்தால் மரியாதையில்லை என்று ரூபனிடம் சொன்னேன். சாட்சி சொல்லப்போகிறவன் என்பதால் விட்டான் என்று நினைக்கிறேன். பஞ்சப் புத்தகமும் அதற்கடுத்ததும் போன வாரமே முடிந்துவிட்டன. பட்டியலில் கடைசியான தீவு நாவலை எடுத்துக்கொண்டு போனேன்.

அறையில் டெட்டால் வாடை. ஜன்னல் சாத்தியிருந்தது. பொன்னையாவின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வலது கை போர்வைமேல் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. அவருடைய அந்தப் பெரிய உடம்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"லேசா ஒரு ஸ்ட்ரோக் அங்கிள், நவம்பர்ல. சொன்னா பயந்துடுவீங்கன்னுதான்" என்றான் ரூபன்.

மேஜைமேல் நீலப் பென்சில் இருந்தது. ஷார்ப்பனரில் சீவிய கூர். பொன்னையா பிளேடால் கரடுமுரடாகத்தான் செதுக்குவார். அவர் வலக்கைக்காரர். இடது கையால் பழகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் நினைத்தேன், இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ரூபனுக்கு போன் வந்தது, வெளியே போனான். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. சௌக்கியமா என்று கேட்க முடியாது. புத்தகத்தைத் திறந்து படிக்கத் தொடங்கினேன். ஒரு பக்கம் போயிருக்கும். அவருடைய இடது கை ஆள்காட்டி விரல் படுக்கையிலிருந்து எழுந்து நின்றது. ஏதோ நரம்பு இழுப்பு என்று நினைத்துத் தொடர்ந்து படித்தேன். விரல் கட்டில் சட்டத்தைத் தட்டியது. நிறுத்தினேன். விரல் இறங்கியது. குனிந்து பார்த்தேன். வாக்கியம் பாதியில் நின்றிருந்தது.

மறுபடி அங்கிருந்தே படித்தேன். இன்னொரு பக்கம். மறுபடி விரல், மறுபடி பாதி வாக்கியம்.

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் பழைய கேலி அப்படியே இருந்தது. முட்டாளே, இப்போதாவது புரிந்ததா என்பதுபோல. பிறகு பார்வையை மெல்ல உயர்த்தி அலமாரியின் மேற்புறத்தைப் பார்த்தார். மணி அங்கே இருந்தது. நான் எழுந்து கையை நீட்டினால் எட்டும்.

ரூபனின் காலடி கேட்டது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பர் 27

இரவெல்லாம் கண்முன் அந்த மணி.

சொர்ணம் சொன்னாள்: "ஐயா துணியெல்லாம் பெட்டியில அடுக்கி வச்சிருக்கு சார். வருசம் பொறக்கும்போது குத்தாலம் பக்கம் ஏதோ முதியோர் விடுதியில கொண்டு விடப்போறாவளாம். என்கிட்டயும் சாவியக் குடுத்துட்டுப் போன்னுட்டாவ. நீங்கதான சார் கையெழுத்துப் போடப்போறியளாம்?"

"யார் சொன்னா?"

"மவன்தான் சொல்லிக்கிட்டு திரியுதாவளே. சாரே போடுதாரு, அப்புறம் யாரு கேக்கப்போறான்னு."

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் செய்தித்தாளை எடுத்தேன். நேற்றையது.

டிசம்பர் 29

நாளை காலை. வெள்ளை வேட்டியைத் தேய்த்து வைத்திருக்கிறேன். காய்ச்சல் என்று சொல்லிவிட்டால் என்ன? ஆனால் நான் போகாவிட்டால் வேறொருவர் போடுவார். போனால் நான் போடுவேன். இந்த இரண்டைத் தவிர வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் 30

எழுத்து கோணலாக இருக்கிறது.

சார்பதிவாளர் நடுத்தர வயதுப் பெண்மணி. அவசரத்தில் இருந்தார். உதவியாளர் ஒருவர் கைரேகைக் கருவியோடு வந்திருந்தார். இரண்டாவது சாட்சி ரூபனின் நண்பன். பொன்னையாவை ரூபன் தலையணைகளில் சாய்த்து உட்காரவைத்து, தலை வாரி, புதுச் சட்டை போட்டிருந்தான். இந்த மாதம் அங்கே போய்வந்த புத்தகங்களை மறுபடி என்னிடமிருந்து இரவல் வாங்கி மேஜையில் அடுக்கியிருந்தான்.

"பாருங்க மேடம். சிவப்புப் புள்ளி சாரோடது. நீலம் அப்பாவோடது. இந்த உடம்போட இந்த மாசம் மட்டும் நாலு புக் முடிச்சிருக்காங்க. இதவிடத் தெளிவு என்ன வேணும்?"

அந்த அம்மாள் புரட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. "எங்க அப்பாவும் படிப்பாரு" என்றார். பிறகு என்னிடம், "உண்மையா சார்?"

எனக்குக் குரல் வரவில்லை. ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. எனக்குப் பழக்கமானது ஒன்றே ஒன்றுதான்.

"பத்திரத்தை அவருக்கு வாசித்துக் காட்டியாகிவிட்டதா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அதெல்லாம் ஆச்சு அங்கிள்."

"என்ன சொல்றார்?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"நான் வாசிக்கிறேன் மேடம். அவருக்கு நான்தான் வாசிப்பது."

கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, சீக்கிரம்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கட்டிலின் இடது பக்கம் நின்றேன். சொத்து விவரம், நான்கு எல்லைகள், சர்வே எண். பொன்னையா கண்ணை மூடியிருந்தார். ரூபன் மை அட்டையைத் திறந்து வைத்தான். நான் படித்தேன்: "எனது மகன் ரூபன் என்பவர் என்னை அன்புடன் பராமரித்து வருவதாலும், அவர்பேரில் எனக்குள்ள பிரியத்தினாலும், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், எனது முழு"

விரல் எழுந்தது. நான் நிறுத்தினேன்.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

"அவர் நிறுத்தச் சொல்கிறார்."

"அது நரம்பு மேடம், சும்மா ஆடும்" என்று ரூபன் அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தான்.

"கைய விடுங்க" என்றார் அந்த அம்மாள். "சார், முதல்ல இருந்து படிங்க."

மறுபடி படித்தேன். எல்லைகள், சர்வே எண், அன்பு, பிரியம், தூண்டுதல், வற்புறுத்தல். "எனது முழு." அதே இடத்தில் விரல்.

அந்த அம்மாள் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐயா, நான் சொல்றது கேக்குதா? உங்களுக்கு இதுல சம்மதம்னா விரலைக் கீழ இறக்குங்க. அவ்வளவுதான். இறக்கினா போதும்."

விரல் இறங்கவில்லை. முதலில் விரல் நடுங்கியது, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை. அவருடைய நெற்றியில் வியர்வை அரும்பியது. நோயாளியின் கை எவ்வளவு நேரம் தாங்கும்? தாங்கிப் பிடிக்க என் கை தானாகப் போனது. தொட்டால் நான் பிடித்ததாகச் சொல்வார்கள் என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அதைவிடக் கடினமான காரியத்தை நான் செய்ததில்லை. விரல் நின்றது.

அந்த அம்மாள் எழுந்து கருவியை எடுத்து வைக்கச் சொன்னார். "அப்போ இந்தப் புள்ளியெல்லாம்?" என்று என்னைப் பார்த்தார்.

"இவர் பாதி வாக்கியத்தில்தான் நிறுத்துவார் மேடம்" என்றேன். இந்த முறை குரல் வந்தது.

அவர்கள் போன பிறகு ரூபன் மேஜையில் அடுக்கியிருந்த புத்தகங்களை எடுத்து வாசலில் வைத்தான். தீவு நாவல் முடியாததால் என் வீட்டிலேயே இருந்தது. சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "நல்லா வாசிச்சீங்க அங்கிள்" என்றான். கேட்டைச் சாத்தும்போது, "இனிமே புக் அனுப்ப வேண்டாம். அவர் இங்க இருக்கமாட்டார்."

வீட்டுக்கு வந்ததும் பியூலாவை அழைத்தேன். பேசப் பேச அவள் அழுதாள். ஒரு மாதமாக அப்பா தூங்குகிறார் என்றே அண்ணன் சொன்னானாம். முதல் தேதி மதியம் தூத்துக்குடி விமானத்தில் வந்துவிடுவாள். "அதுவரைக்கும் அப்பாவப் பாத்துக்கோங்க அங்கிள்" என்றாள். எப்படி என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

டிசம்பர் 31

கேட்டில் புதுப் பூட்டு. சொர்ணத்தை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். "வேன் வருதாம் சார், மத்தியானம்" என்று சொல்லிவிட்டு என் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பட்டியலில் பாக்கி இருந்தது தீவு நாவலில் கொஞ்சப் பக்கங்கள்தான். மதியத்துக்குள் முடித்துவிடலாம். இத்தனை வருடத்தில் நான் தோற்றதில்லை. திறந்து உட்கார்ந்தேன். ஒரு வரிகூட ஓடவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் பொன்னையா வீட்டு கேட்டுக்கு நேர் முன்னால் போட்டேன். அவருடைய ஜன்னல் அந்தப் பக்கம்தான். சாத்தியிருந்தது. குடையை விரித்துக்கொண்டு, கிறிஸ்துமஸ் அன்று அவர் விரல் நிறுத்திய இடத்திலிருந்து உரக்கப் படிக்கத் தொடங்கினேன்.

தெருவில் உரக்கப் பேசிப் பழகாதவன் நான். முதல் பக்கத்தில் பல வார்த்தைகளை விழுங்கினேன். பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். "என்ன சார், டியூசன் எடுக்கியளா? புள்ளைகளையே காணோமே!" சொர்ணம் அவரை முறைத்தாள். வேன் வந்து என் நாற்காலிக்கு முன்னால் நின்றது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். நான் இன்னும் உரக்கப் படித்தேன். ரூபன் உள்ளேயிருந்து வந்தான்.

"அங்கிள், அசிங்கமா இருக்கு. எந்திரிங்க."

எனக்கும் அசிங்கமாகத்தான் இருந்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது. புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தால் எழுந்துவிடுவேன் என்று தெரிந்ததால் கண்ணை எடுக்கவில்லை. எதிர்வீட்டார் வெளியே வந்தார்கள். பாட்டுக்குழுவில் பாடுகிற இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர்களிடம் சொர்ணம் என்ன சொன்னாளோ, அவர்கள் போகவில்லை.

ஜன்னலுக்குப் பின்னால் அவருக்குக் கேட்டதா, கண் திறந்திருக்கிறதா, விரல் எழுந்ததா, எதுவும் தெரியவில்லை. மணி அலமாரியின்மேல்தான் இருக்க வேண்டும். நான் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போனேன். இருட்டத் தொடங்கியபோது ஓட்டுநர் ரூபனிடம் ஏதோ சொல்லிவிட்டு வேனைத் திருப்பினார். "காலையில ஏழு மணிக்கு வாங்க" என்று ரூபன் சொன்னது எனக்கும் கேட்டது. எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னான்.

பியூலா வர மதியம் ஆகும்.

நாவல் முடியவில்லை. பட்டியலும் முடியவில்லை. ஆகவே விதிப்படி நாளை நான் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் அவர் பேச்சைக் கேட்க வேண்டும். அவருக்குப் பேச்சு வராது என்பது விதியில் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தை எப்படியாவது கேட்டாக வேண்டும். அதற்கு முன் காலையில் வாசிக்க வேண்டும். நாற்காலியை உள்ளே எடுத்து வரவில்லை. அங்கேயே கிடக்கிறது.

கடைசியாக வாசித்த வரி: "படகு திரும்பி வருமென்று ஒருவரும் நம்பவில்லை, ஆனால் அந்தக் கிழவன் மட்டும் தினமும் கரைக்குப் போய்." அதற்கு மேல் இருட்டில் தெரியவில்லை. அந்த இடத்திலேயே சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன்.